தோமையாரைச் சுமந்து வந்தவர்கள்

பரங்கிமலை உச்சியிலுள்ள மாதா கோயிலின் பீடத்துக்குப் பின்னால், சுவரோடு சுவராக ஒரு கற்சிலுவை பதிந்திருக்கிறது. நான்கு கைகளும் ஏறக்குறைய ஒரே நீளம். நுனிகள் மொட்டாக விரிந்தவை. மேலிருந்து ஒரு புறா இறங்குகிறது. அடியில் இரு பக்கமும் இலைகள் சுருண்டு எழுகின்றன. இரண்டு தூண்கள், தூண் தலையில் வாய் பிளந்த மகரங்கள், அவற்றின் வாயிலிருந்து புறப்பட்டு வளையும் தோரணம். நம்மூர்க் கோயில்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த மகர தோரணத்தில் அந்நியம் எதுவும் தெரியாது. தோரணத்தின் வளைவை ஒட்டி ஒரு வரி எழுத்து ஓடுகிறது. அது சசானியப் பேரரசின் பாரசீகர்கள் எழுதிய பஹ்லவி.

ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், செம்பாக்கம் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்த மலை அன்றாட வழியில் இருப்பது. சுமார் பத்து கிலோமீட்டர் தொலைவு. தாம்பரத்தில் கடற்கரை ரயில் ஏறினால் ஏழாவது நிறுத்தம். மலைக்குப் பெயர் தந்த புனிதரைப் பற்றிக் கேட்டால் எல்லோரிடமும் ஒரே விடை இருக்கிறது. இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான தோமையார் கி.பி. 52இல் கொடுங்கல்லூரில் கரையிறங்கினார், கேரளத்தில் ஏழு ஆலயங்களை நிறுவினார், கிழக்குக் கரைக்கு வந்து சின்னமலைக் குகையில் ஒளிந்தார், கி.பி. 72இல் பெரிய மலையான பரங்கிமலையில் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார். மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார். வழிவழியாக வந்த நம்பிக்கை இது. கோடிக்கணக்கானவர்களின் வாழ்வை வடிவமைத்த நம்பிக்கை என்பதால் மரியாதையோடு அணுக வேண்டியதும் கூட. ஆனால் அந்த மலையிலேயே இருக்கும் மிகப் பழைய கிறிஸ்தவ எழுத்துச் சான்று தோமையாரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. எங்கிருந்தோ வந்த ஒரு பாரசீகர் தனக்காக இரக்கம் வேண்டுகிறார், அவ்வளவுதான். தோமையாரின் வரலாற்றைத் தேடுகிறவர்கள் அந்தப் பாரசீகரிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். புனிதரின் நினைவை நூற்றாண்டுகளும் கடல்களும் கடந்து இந்தக் கரைக்குச் சுமந்து வந்தவர்கள் அவரைப் போன்றவர்கள். அவர்களுக்குப் பின்னால் நாம் முற்றாக மறந்துவிட்ட ஆயர்களின் ஒரு வரிசை இருக்கிறது.

முதலில் கல்லைப் பார்ப்போம். 1547 மார்ச் 22 அன்று, மலையுச்சியில் ஆலயம் எழுப்புவதற்காகப் போர்ச்சுகீசியர் அஸ்திவாரம் தோண்டியபோது இது கிடைத்தது. கல்லில் தெரிந்த செம்புள்ளிகளைத் தோமையாரின் இரத்தம் என்று நம்பினார்கள். இச்சிலுவையை அவரே செதுக்கினார், இதைத் தழுவியபடியே உயிர்விட்டார் என்ற மரபும் உருவாயிற்று. 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலியின்போது கல் வியர்த்து நிறம் மாறியதைக் கண்டதாக அங்கிருந்தவர்கள் எழுதிவைத்தார்கள். இது விட்டுவிட்டு நிகழ்ந்து 1704இல் கடைசியாக நடந்தது என்பார்கள். பேறுகாலத்தை எதிர்நோக்கும் அன்னையின் திருநாளும் டிசம்பர் 18தான். மலைக்கோயில் அந்த அன்னையின் பெயரிலேயே இருக்கிறது.

எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் அன்று இல்லை. ஆகவே கேட்க விரும்பியதையெல்லாம் அந்த எழுத்து சொல்வதாக விளக்கங்கள் பிறந்தன. முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1873இல், தென்னிந்தியத் தொல்லெழுத்தியலின் முன்னோடியான ஏ.சி. பர்னெல் இது பஹ்லவி என்று அடையாளம் காட்டினார். அவருக்கு அது கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிய இறையியல் கூற்றாகத் தெரிந்தது. 1920களின் இறுதியில் வின்க்வொர்த் வேறு விதமாகப் படித்தார்: சாஹார்புக்தின் மகன் அஃப்ராஸ் மீது இரங்கும்படி ஆண்டவரிடம் மன்றாட்டு. 1970இல் கெர்ட் குரோப் அந்தப் பெயரைக் காப்ரியேல் என்று படித்தார். 2002இல் கார்லோ செரெட்டியும் உடன் ஆய்வாளர்களும் சப்ரீஷோ என்று படித்தார்கள். மகனின் பெயரில் இன்னும் உடன்பாடு இல்லை. தந்தையின் பெயரிலும் வேண்டுதலின் தன்மையிலும் மூன்று வாசிப்புகளும் ஒத்துப்போகின்றன. இச்சிலுவையைச் செய்தவர் அல்லது கொண்டுவந்தவர் தன் மேல் கிறிஸ்து இரங்க வேண்டும் என்று கேட்கிறார். எழுத்தமைதியை வைத்து ஆறாம் நூற்றாண்டு முதல் ஒன்பதாம் நூற்றாண்டு வரை பல காலங்கள் சொல்லப்பட்டுள்ளன. எட்டாம் நூற்றாண்டை ஒட்டியது என்பது பலரின் கருத்து. காஞ்சியில் பல்லவர் ஆட்சி நடந்த காலம்.

இதே வாசகம் கொண்ட சிலுவைகள் கேரளத்தில் கோட்டயம் வலியபள்ளி, முட்டுச்சிறை, கடமற்றம் முதலிய இடங்களில் உள்ளன. கோவாவில் 2001இல் ஒன்று கிடைத்தது. எழுத்தில்லாமல், இதே சாயலில் ஒரு சிலுவை இலங்கையின் அனுராதபுரத்தில் 1912இல் அகழ்ந்தெடுக்கப்பட்டது. தனி மனிதர் ஒருவரின் மன்றாட்டு ஏன் இத்தனை கற்களில் திரும்பத் திரும்ப வர வேண்டும்? ஒரு மூலச் சிலுவை புனிதமாகக் கருதப்பட்டு, பின்வந்தவர்கள் எழுத்தோடு சேர்த்து அதைப் படியெடுத்திருக்க வேண்டும். பரங்கிமலைக் கல்லே அந்த மூலம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அது உண்மையானால், மலபார்க் கிறிஸ்தவர்கள் தங்கள் ஆலயங்களுக்கான அடையாளத்தைத் தேடிச் சோழமண்டலக் கரையிலுள்ள இந்தக் குன்றை நோக்கியிருக்கிறார்கள் என்றாகிறது. எனக்கு இது தோமையார் மரபின் மிக வலுவான மறைமுகச் சான்றாகப் படுகிறது. ஏதோ ஒரு நினைவு இங்கே ஏற்கெனவே நிலைகொண்டிருந்ததால்தான் அந்த நாட்டம் வந்திருக்கும்.

அந்த நினைவு எங்கே பிறந்தது என்று தேடினால், இன்றைய துருக்கியின் தென்கிழக்கில் சான்லியுர்ஃபா என்று வழங்கும் பழைய எடெசா நகருக்குப் போக வேண்டியிருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே சிரியாக் மொழியில் எழுதப்பட்டது ‘தோமாவின் பணிகள்’ என்ற நூல். திருத்தூதர்கள் உலகத்தைச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். இந்தியா தோமாவுக்கு விழுகிறது. ஒரு எபிரேயன் இந்தியர்களுக்கு எப்படிப் போதிப்பது என்று அவர் மறுக்கிறார். இயேசுவே தோன்றி, தச்சுவேலை தெரிந்த ஆள் தேடிவந்த ஹப்பான் என்ற இந்திய வணிகனிடம் அவரை அடிமையாக விற்றுவிடுகிறார். குந்தபார் அரசன் அரண்மனை கட்டப் பணம் தர, தோமா அதை ஏழைகளுக்குக் கொடுத்துத் தீர்க்கிறார். அரசனின் தம்பி இறந்து, வானுலகில் அண்ணனுக்காக எழும்பியிருக்கும் அரண்மனையைக் கண்டு, உயிரோடு திரும்பிவந்து சொல்கிறான். பிறகு தோமா மஸ்தாய் என்ற வேறொரு அரசனின் நாட்டுக்குப் போகிறார். அங்கே அரச குடும்பத்துப் பெண்கள் அவர் போதனையைக் கேட்டுக் கணவர்களை விட்டு விலகி வாழத் தொடங்க, அரசன் கோபம் கொள்கிறான். நகருக்கு வெளியே மலைக்குக் கொண்டுபோய் நான்கு வீரர்கள் ஈட்டியால் குத்துகிறார்கள். சாகும் முன் தோமா சிஃபூர் என்பவரைக் குருவாகவும் விசான் என்ற இளவரசனைத் திருத்தொண்டராகவும் அமர்த்துகிறார்.

இறுதிக் காட்சி ஒன்று இருக்கிறது. அதை மனத்தில் வைத்துக்கொள்ளும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். நாள்கள் கழித்து அரசனின் மகன் நோயுறுகிறான். எலும்பு ஒன்றை எடுத்துக் கட்டலாம் என்று கல்லறையைத் திறந்தால் உடலைக் காணோம். சீடர்கள் ஏற்கெனவே மேற்கே கொண்டுபோய்விட்டார்கள். அரசன் அந்த இடத்து மண்ணை எடுத்து மகன் கழுத்தில் கட்ட, நோய் தீர்கிறது.

இந்நூலை வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்குவது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை எளிதாக இருந்தது. குந்தபார் என்ற பெயரில் அரசன் எவனும் இருந்ததாக அறிஞர்களுக்குத் தெரியாது. 1830களில் சார்லஸ் மாசன் ஆப்கானிஸ்தான் பகுதியில் திரட்டிய நாணயங்களில் அந்தப் பெயர் கிரேக்கத்திலும் கரோஷ்டியிலும் வெளிப்பட்டது: கொண்டோபரஸ். பெஷாவர் சமவெளியைச் சேர்ந்த தக்த்-இ-பாஹியில் கிடைத்து இன்று லாகூர் அருங்காட்சியகத்தில் உள்ள கல்வெட்டு, அவனது 26ஆம் ஆட்சியாண்டில், ஒரு சகாப்தத்தின் 103ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்டது. பொதுவாக ஏற்கப்படும் கணக்குப்படி அது கி.பி. 46. திருத்தூதரின் காலத்தோடு பொருந்துகிறது. ஆனால் இது நிரூபிப்பது ஒன்றைத்தான்: எடெசாவில் நூலை எழுதியவருக்கு, இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் இந்தோ-பார்த்திய அரசனின் பெயர் சரியாகத் தெரிந்திருந்தது. வணிகர்கள் வழியாகத் தெரிந்திருக்கலாம், தோமாவைப் பற்றிய உண்மையான நினைவோடு சேர்ந்து வந்திருக்கலாம். மேலும் அந்த அரசனின் நாடு சிந்து நதிப் பக்கம், மயிலாப்பூர் அன்று. யூசேபியுஸ் தரும் பழைய மரபோ தோமாவுக்குப் பார்த்தியா ஒதுக்கப்பட்டதாகச் சொல்கிறது. வடமேற்கிலிருந்து கடல்வழியாகத் தெற்கே வந்தார் என்று இரண்டையும் இணைக்க 1920களில் ஜே.என். ஃபர்குஹர் முயன்றார். படிக்க அழகான வாதம், ஆனால் இடையிலுள்ள பயணத்துக்கு ஆவணம் கிடையாது.

தெற்கே நேராக வந்திருக்க முடியுமா? முடியும். முதல் நூற்றாண்டில் செங்கடலிலிருந்து பருவக்காற்றைப் பிடித்து முசிறிக்கு வருவது வழக்கமான வணிகப் பயணம். யவனர் மரக்கலம் பொன் கொடுத்து மிளகு ஏற்றிச் சென்றதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு அறியும். பெரிப்ளஸ் நூலும் வியன்னாவில் உள்ள முசிறி ஒப்பந்தப் பாப்பிரஸும் அதே வணிகத்தைக் கிரேக்கத்தில் பேசுகின்றன. கலிலேயாவில் பிறந்த ஒருவர் அலெக்சாந்திரியா போய் அக்கப்பலில் ஏறுவதில் நம்ப முடியாதது ஏதுமில்லை. வந்திருக்கலாம் என்பதற்கும் வந்தார் என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை இன்று நம்மிடமுள்ள சான்றுகளால் கடக்க முடியவில்லை. ‘வந்தார், ஐயமே இல்லை’ என்று சொல்பவர்களும் ‘வரவில்லை, எல்லாம் போர்ச்சுகீசியப் புனைவு’ என்று சொல்பவர்களும் சான்றுகளுக்கு அப்பால் பேசுகிறார்கள். இரண்டாவது தரப்பின் தவறு எளிதில் காட்டக்கூடியது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

எடெசா தோமாவைக் கதையாக மட்டும் வைத்திருக்கவில்லை. அவர் எலும்புகளையே வைத்திருந்தது. 373இல் இறந்த புனித எப்ரேம் தம் பாடல்களில், இந்தியாவிலிருந்து அவற்றைக் கொண்டுவந்த வணிகனைப் போற்றுகிறார். 384 வாக்கில் மேற்கு ஐரோப்பாவிலிருந்து பயணம் வந்த எகேரியா என்ற பெண் அந்த நினைவிடத்தில் வழிபட்டுத் தம் குறிப்பில் எழுதினார். 394இல் பேழை பெரிய ஆலயத்துக்கு மாற்றப்பட்டது. 1144இல் சங்கி என்ற ஆட்சியாளரிடம் எடெசா வீழ்ந்தபின் எலும்புகள் ஈஜியன் கடலின் கியோஸ் தீவுக்கும், அங்கிருந்து 1258இல் இத்தாலியின் ஓர்தோனாவுக்கும் போயின. 1953இல் கர்தினால் திஸ்ஸெராங் ஓர்தோனாவிலிருந்து ஒரு பகுதியைக் கொடுங்கல்லூருக்குக் கொண்டுவந்தார். சிரியாக் மரபினர் ‘துக்றானா’ என்று ஜூலை 3ஐக் கொண்டாடுவது எடெசாவுக்கு எலும்புகள் வந்த நாளாகத்தான். உரோமை நாள்காட்டி டிசம்பர் 21இல் இருந்த தோமையார் திருநாளை 1969 சீர்திருத்தத்தில் ஜூலை 3க்கு மாற்றி அந்தப் பழைய மரபோடு சேர்ந்துகொண்டது. தாம்பரம் வட்டாரத்தில் குடியேறிய மலையாளக் கிறிஸ்தவக் குடும்பங்களும் தமிழ்க் கத்தோலிக்கர்களும் இன்று ஒரே நாளில் அவரை நினைக்கிறார்கள்.

எடெசாவிலேயே எழுந்த ‘திருத்தூதர்களின் போதனை’ என்ற சிரியாக் ஏடு, இந்தியாவும் அதைச் சுற்றிய நாடுகளும் குருத்துவத்தின் கையை யூதா தோமாவிடமிருந்து பெற்றதாகவும், அங்கே அவர் கட்டிய திருச்சபைக்கு அவரே தலைவராய் இருந்ததாகவும் சொல்கிறது. இது தோமாவை இந்தியாவின் முதல் ஆயராக்கும் கூற்று. ஆயர் என்றால் அவருக்குப் பின் யார் என்ற கேள்வி வரும். எல்லாப் பழைய ஆயர் பீடங்களும் தங்கள் வரிசையைக் காட்டித்தான் உரிமை பேசின. தோமாவுக்குப் பிறகு இந்தியாவுக்கு யார்?

இங்கேதான் தமிழில் யாரும் அதிகம் பேசாத மனிதர்கள் வருகிறார்கள். சீர்த் வரலாற்றேடு என்ற நூல் தூதி, அதாவது தாவீது, என்ற ஆயரைக் குறிப்பிடுகிறது. பாரசீக வளைகுடாவின் தலைமாட்டில் உள்ள பாஸ்ராவின் ஆயர் அவர். மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தம் பீடத்தை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறிப் பலரை மனம் திருப்பினார். பெயரும் ஊரும் தெரிந்து, இந்தியாவுக்கு வந்ததாக ஏடு சொல்லும் ஆயர்களில் மிகப் பழையவர் இவர்தான். 325இல் நிசேயாப் பொதுச்சங்கத்தின் ஒப்பப் பட்டியல் ஒன்றில், பாரசீகம் முழுவதற்கும் பேரிந்தியாவுக்கும் உரிய ஆயராக யோவான் என்ற பெயர் இருக்கிறது. 425 வாக்கில் மார் கோமாயி, பவுலின் உரோமையர் திருமுகத்துக்கான விளக்கவுரையைக் கிரேக்கத்திலிருந்து சிரியாக்குக்கு மாற்றியபோது உதவிய தானியேல் என்ற குரு இந்தியர் என்று ஒரு குறிப்பு சொல்கிறது. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபார்ஸ் நாட்டுப் பேராயர் மஅனா, பாரசீக மொழியில் பாடல்களும் உரைகளும் இயற்றிக் கடல் தீவுகளுக்கும் இந்தியாவுக்கும் அனுப்பினார்.

மஅனாவை நான் இவ்வரிசையில் மிக முக்கியமானவராக நினைக்கிறேன். கீழைத் திருச்சபையின் வழிபாட்டு மொழி சிரியாக். அப்படியிருக்கப் பரங்கிமலைச் சிலுவையில் பஹ்லவி ஏன் வந்தது? ஃபார்ஸ் மாநிலத்தின் கிறிஸ்தவர்கள் தங்கள் மொழியிலேயே பாடினார்கள், செபித்தார்கள், அதையே கடல் கடந்து அனுப்பினார்கள் என்பதால்தான். சாஹார்புக்தின் மகன் தன் தாய்மொழியில் இரக்கம் கேட்டதன் பின்னால் அந்தப் பேராயர் தொடங்கிய வழக்கம் இருக்கிறது.

ஆறாம் நூற்றாண்டில் இந்தியக் கடலை அறிந்த அலெக்சாந்திரிய வணிகர் காஸ்மாஸ், மிளகு விளையும் மாலேயில் கிறிஸ்தவர்களைக் குறிப்பிடுகிறார். கல்லியானாவில் பாரசீகத்திலிருந்து நியமிக்கப்படும் ஆயர் இருப்பதையும் இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்களின் சபை இருப்பதையும் சொல்கிறார். அவர் தோமாவையோ மயிலாப்பூரையோ பேசவில்லை. ஆனால் அதே நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் இருந்த தூர் நகர ஆயர் கிரகோரி, தியோதோர் என்பவர் இந்தியாவில் தோமாவின் உடல் முதலில் கிடந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்னதாக எழுதுகிறார். அங்கே ஒரு மடமும் வியக்கத்தக்க அளவில் ஒரு ஆலயமும் இருந்தனவாம். ஊர்ப் பெயர் இல்லை. இது மயிலாப்பூராக இருக்கக்கூடும் என்று மட்டும் சொல்லலாம்.

ஏழாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு தகராறு. கீழைத் திருச்சபையின் முதுபெரும் தந்தை மூன்றாம் ஈஷோயாப், ஃபார்ஸின் ரேவ்-அர்தஷீர் பேராயரான சீமோனுக்குக் கடுமையாக எழுதுகிறார்: உங்கள் கீழ்ப்படியாமையால் இந்தியாவுக்கு ஆயர்கள் கிடைக்காமல் போகிறார்கள். அலுவலகக் கோபம் நிறைந்த அக்கடிதம் வரலாற்றாய்வாளருக்கு ஒரு பொக்கிஷம். இந்தியச் சபைகள் அன்று உயிரோடு இருந்தன, ஃபார்ஸ் வழியாக ஆயர்களைப் பெற்றன, ஆயரில்லாமல் தவித்தன என்ற மூன்றையும் அது போகிறபோக்கில் சொல்லிவிடுகிறது. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் திமொத்தேயுவின் காலத்தில் இந்தியா தனிப் பேராயரைப் பெற்றது.

இந்த வலைப்பின்னலுக்குத் தமிழ் எழுத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. கி.பி. 849, சேரன் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டு. வேணாட்டு அய்யன் அடிகள் திருவடிகள் கொல்லத்தில் மார் சபீர் ஈசோ எடுப்பித்த தரிசாப்பள்ளிக்கு நிலமும் குடிகளும் உரிமைகளும் தருகிறார். வட்டெழுத்தில் எழுதிய அந்தச் செப்பேட்டில் அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் பள்ளியின் காவலர்களாக வருகின்றன. கடைசியில் சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள்: சிலர் கூஃபி அரபியில், சிலர் எபிரேய எழுத்திலான பாரசீகத்தில், சிலர் பஹ்லவியில். பரங்கிமலைக் கல்லில் உள்ள அதே பஹ்லவி. இஸ்லாமியர், யூதர், சரதுஷ்டிரர், கிறிஸ்தவர் எல்லோரும் ஒரு சர்ச்சின் மானியத்துக்குச் சாட்சி நின்ற அந்தச் செப்பேட்டை, தமிழ் வணிக வரலாறு படிப்பவர்கள் எத்தனை முறை படித்தாலும் தகும்.

மயிலாப்பூர் பற்றி நேரடியான செய்தி 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிடைக்கிறது. 1291ஐ ஒட்டி, சீனாவுக்குப் போகும் வழியில் மொந்தேகோர்வினோ யோவான் என்ற பிரான்சிஸ்கன் துறவி, தம் தோழர் பிஸ்தோயா நிக்கோலாவை இந்தியாவில் தோமா ஆலயத்தில் அடக்கம் செய்தார். ஓரிரு ஆண்டுகளில் மார்க்கோ போலோ எழுதுகிறார்: மாபாரில் ஒரு சிற்றூரில் தோமாவின் உடல் கிடக்கிறது, கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் வழிபட வருகிறார்கள், அவர் கொல்லப்பட்ட இடத்துச் செம்மண்ணை எடுத்துப்போய்க் காய்ச்சல்காரருக்குக் கொடுக்கிறார்கள். எடெசா நூலின் இறுதிக் காட்சியை இங்கே நினைத்துப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சிரியாக்கில் எழுதப்பட்ட மண்மருந்து, சோழமண்டலக் கரையில் நடைமுறையாக இருக்கிறது. நூலைக் கேட்டவர்கள் இங்கே அதை வழக்கமாக்கினார்களா, இங்கேயிருந்த வழக்கம் வணிகர் வாய்வழியாக எடெசா போய் நூலானதா? எந்தத் திசை என்று தீர்மானிக்க வழியில்லை. இரண்டு முனைகளையும் இணைத்தவர்கள் பாரசீகக் கடலோரக் கிறிஸ்தவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சாவைப் பற்றி மார்க்கோ போலோ கேட்ட கதை வேறு. தோமா காட்டில் மயில்கள் சூழ செபித்துக்கொண்டிருந்தார். மயிலுக்கு எய்த ஒருவனின் அம்பு தவறி அவர் மேல் பாய்ந்தது. இதில் அரசன் இல்லை, ஆணை இல்லை, பகையும் இல்லை. மயிலையின் மண்ணிலிருந்து முளைத்த கதை என்று பார்த்தவுடன் தெரிகிறது. பிராமணர்கள் பகை கொண்டு கொன்றார்கள் என்ற மூன்றாவது கதை போர்ச்சுகீசியர் காலத்து விசாரணைகளிலும், 1601ஆம் ஆண்டுக்குரியதாகச் சொல்லப்படும் கேரளத்து ரம்பான் பாட்டிலும்தான் உறுதிப்படுகிறது. இந்தக் குற்றச்சாட்டு பிந்தியது என்பதை மேடைகளிலும் பாடப்புத்தகங்களிலும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒரு சமூகத்தின் மேல் கொலைப்பழி சுமத்தும் வரியைச் சான்றில்லாமல் திரும்பச் சொல்வது புனிதருக்கு மரியாதை செய்வதாகாது.

போர்ச்சுகீசியருக்கு முன்னால் மயிலாப்பூரில் எதுவுமே இல்லை என்பவர்களுக்கு இந்தப் பயணிகளே பதில். 1320களில் வந்த ஒதோரிக் தோமா ஆலயத்தை ஒட்டி நெஸ்தோரியர், அதாவது கீழைத் திருச்சபையினர், வீடுகள் பதினைந்து இருந்ததாகச் சொல்கிறார். 14ஆம் நூற்றாண்டு அரபு எழுத்தாளர் அம்ர், மைலானில் தோமாவின் கல்லறை அவர் பெயரிலான மடத்தில் பலிபீடத்தின் வலப்பக்கம் இருப்பதாக எழுதினார். 15ஆம் நூற்றாண்டில் நிக்கோலோ கொந்தி பெரிய ஆலயத்தையும் சுமார் ஆயிரம் நெஸ்தோரியரையும் கண்டார். 1517இல் முதல் போர்ச்சுகீசியர் வந்தபோது அவர்களை இங்கே கூட்டிவந்தவர்கள் ஆர்மேனிய வணிகர்கள். கல்லறையில் விளக்கு எரியக் காணிக்கை திரட்டிக்கொண்டிருந்தவர் ஓர் ஏழை இஸ்லாமியர் என்று துவார்த்தே பார்போசா எழுதியிருக்கிறார். ஆயர்களும் துணையும் இல்லாமல் கிறிஸ்தவக் குடிகள் தேய்ந்துபோன பின்னும் அந்த விளக்கு அணையாமல் இருந்ததற்கு அவர் காரணம்.

போர்ச்சுகீசியர் வந்தபிறகு நடந்தது ஓரளவு தெரிந்த கதை. 1523இல் கல்லறையைத் தோண்டி எலும்புகளும் ஈட்டி முனையும் மண்கலமும் எடுத்தார்கள். 1545இல் பிரான்சிஸ் சவேரியார் இங்கே சில மாதங்கள் தங்கினார். 1606இல் மயிலை மறைமாவட்டம் உருவாகி, பாரசீகத்தின் ஆயர் வரிசை இருந்த இடத்தில் லிஸ்பன் நியமிக்கும் ஆயர் வரிசை அமர்ந்தது. மலைக்குப் படிகள் கட்டியவர் மறுபடி ஓர் ஆர்மேனியர், கோஜா பெட்ரூஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726இல் பாலம் கட்டியவரும் அவரே. இன்றைய சாந்தோம் பெருங்கோயில் 1896இல் அர்ச்சிக்கப்பட்டது. இடையில் கடற்கரையோரமிருந்த பழைய கபாலீசுவரர் கோயில் அழிந்ததும், இன்றுள்ள இடத்தில் பிறகு எழுந்ததும் நடந்தன. சாந்தோம் வளாகத்தில் ஹோஸ்டன் பாதிரியார் 1920களில் திரட்டி ஆவணப்படுத்திய தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகளும் சிற்பங்களும் அங்கே கோயில்கள் இருந்ததைச் சொல்கின்றன. அவை இருந்ததால் தோமா ஆலயம் இருந்திருக்க முடியாது என்றாகாது. இது இருந்ததால் அவை இருந்ததை மறைக்க வேண்டியதும் இல்லை. ஒரு துறைமுக ஊரில் சைவமும் சமணமும் பாரசீகக் கிறிஸ்தவமும் அக்கம்பக்கத்தில் வாழ்வது இயல்பு.

தென்புறநகர் இந்தக் கதைக்கு வெளியே நின்றதில்லை. 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகிலிருந்து, ராஜகீழ்ப்பாக்கத்துக்குக் கிழக்கே உள்ள பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்துதான் இந்தியாவின் மாபெரும் நில அளவையைத் தொடங்கினார். 1937இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. அங்குள்ள விடுதிகளில் ஒன்று புனித தோமா பெயரிலும், மற்றொன்று சேலையூரின் பெயரிலும் நிற்கின்றன. 1938 டிசம்பரில் அந்த வளாகத்தில் பன்னாட்டு மிஷனரி கவுன்சில் கூடி, கிறிஸ்தவம் பிற சமயங்களை எப்படி எதிர்கொள்வது என்று இரண்டு வாரத்துக்கும் மேலாக விவாதித்தது. ஹெண்ட்ரிக் கிரேமரின் நூல் அதற்காகவே எழுதப்பட்டது. இறையியல் உலகில் ‘தாம்பரம்’ என்பது அந்த விவாதத்தின் பெயராகவே ஆயிற்று. அந்தக் கேள்விக்கு ஒரு பழைய விடை, மகர தோரணத்துக்குள் சிலுவையை வைத்த சிற்பியின் கையால், சில கிலோமீட்டர் வடக்கே கல்லில் செதுக்கப்பட்டிருந்தது. பிறர் கோயில் வடிவத்தைத் தன் வழிபாட்டுக்கு எடுத்துக்கொள்வதில் சாஹார்புக்தின் மகனுக்குத் தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

இனி செய்ய வேண்டியது மண்ணில் செய்யும் வேலை. கேரளத்தின் பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வு, மேற்காசியாவின் நீலப்பச்சை மெருகுப் பானையோடுகளை அடுக்கடுக்காக வெளிக்கொண்டு வந்தது. பாரசீக வளைகுடாக் கப்பல்கள் வந்துபோன ஊர்களின் தடயம் அது. மயிலாப்பூர் கடற்கரையிலும் பரங்கிமலைச் சரிவிலும் அத்தகைய முறையான அகழாய்வு நடக்க வேண்டும். மலையில் பாதி இராணுவத்திடமும் உச்சி திருச்சபையிடமும் இருக்கின்றன. சாந்தோமில் வீடுகள் நெருங்கிவிட்டன. ஆனாலும் கட்டடம் இடிக்கும்போதும் குழாய் பதிக்கும்போதும் திறக்கும் குழிகள் உண்டு. அந்த மண்ணைக் கொட்டிவிடாமல் சலித்துப் பார்க்கத் தொல்லியல் துறையும் மறைமாவட்டமும் கோயில் நிர்வாகமும் ஒப்புக்கொண்டால் போதும். ஓடு ஒன்று, பஹ்லவி எழுத்துள்ள முத்திரை ஒன்று கிடைத்தாலும், எட்டாம் நூற்றாண்டுச் சிலுவைக்கு முன்னால் இந்தச் சமூகம் இங்கே எவ்வளவு காலம் வாழ்ந்தது என்ற கேள்விக்கு முதல்முறையாக மண்ணிலிருந்து ஒரு விடை வரும்.